ஐஸ் சீட்டு

முஹரக் ஐஸ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன்.
கட்டிக்கு ஒரு கோடு, படகுக்கு ஒரு சீட்டு.
வலது கைக்கு அந்த உத்தியோகம்.
இடது பெருவிரல் ஜெபக்குழுவில் இருக்கிறது.

ஜெபக்குழு ஏழு, ஊர்க்குழு இரண்டு.
கண் விழிக்கும் முன்னே வந்து நிற்கிறது உலகம்:
இடிந்த மருத்துவமனை,
வாடகை கட்ட முடியாத விதவை,
ஓ நெகட்டிவ் ரத்தம் மிக அவசரம் மதுரை,
வெள்ளத்தில் கூரைமேல் ஒரு நாய்,
இதயத்தில் துளையுள்ள ஒரு குழந்தை.
ஆறு வருடமாக அதற்கு நான்கே வயது.
அந்த எண்ணை ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தேன்.
உபயோகத்தில் இல்லை என்றாள்
எல்லாருக்கும் ஒரே குரலில் வருந்துகிற பெண்.

அதற்குப் பிறகு எதற்கும் கூப்பிய கைகள்தான்.
பொம்மைக் கைகள். மஞ்சள் நிறம்.
வரிசையாக முப்பத்தொன்று வைத்திருக்கிறேன்
ஒரு டீ ஆறுவதற்குள்.

கல்நெஞ்சன் என்று சொல்லிவிடாதீர்கள்.
முதல் வருடம் ஒவ்வொன்றுக்கும் முழங்காலிட்டவன்.
குளிரறையில் வெகுநேரம் நின்றால்
முதலில் குத்தும்,
பிறகு எரியும்,
பிறகு ஒன்றும் தெரியாது.
ஒன்றும் தெரியாவிட்டால் உடனே வெளியே வா என்று
ஆலைச் சுவரில் நான்கு மொழியில் எழுதியிருக்கிறது.
தமிழில் இல்லை.

செவ்வாய் இரவு வந்தது
பஹ்ரைன் கடலில் படகு காணவில்லை இரண்டு பேர்
ஜெபியுங்கள் பகிருங்கள்
தேதி இல்லை, பெயர் இல்லை.
பழைய சங்கதி என்று நினைத்தேன்.
மஞ்சள் கைகளை வைத்துவிட்டுத் தூங்கினேன்.

புதன் காலை ஆணியில் ஒரு சீட்டு மிச்சம்.
எட்டுக் கட்டிக்குப் பணம். நாலு ஏற்றியாயிற்று.
மீதி செவ்வாய் மாலை.
என் கையெழுத்து.
கிளீட்டஸ், தூத்தூர்க்காரர்.
சில்லறை இல்லையென்றால்
"கடவுளுக்க கணக்குல எழுதும்" என்று சிரிப்பவர்.
கூட ஜாஹித், வங்காளப் பையன்,
ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொண்டே சுமப்பான்.

கிளீட்டஸின் மச்சான் ரூபன் வாசலில் நின்றார்.
"ஓய், உமக்கு அரபி வாசிக்கத் தெரியுமே."
எனக்குத் தெரிந்த அரபி: பனி, தினார், நாளைக்கு.
போனேன்.

கடற்காவல் அலுவலக வாசலில்
போனை ஒரு தட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.
நாலு மணி நேரம்.
சட்டைப்பை லேசாக, காலி வீடு மாதிரி.
துடிக்காத தொடையில் விரல் தானாகத் துடித்தது.
அதிகாரி பேனாவை நீட்டினார்: பெயர்?
காஃப், லாம், யா, தா, சீன்.
வலமிருந்து இடமாக எழுதினேன்.
புள்ளி தவறிவிட்டது. அடித்து மறுபடி எழுதினேன்.
அடுத்த மேசையில் மறுபடி.
மாடியில் மறுபடி.
இரவெல்லாம் நான் செய்யாத ஜெபம்
அந்த ஐந்து எழுத்தில் கிடந்தது.

தெரு முழுக்க நெருக்கியடித்த கூட்டத்தில்
அங்கியின் ஓரத்தைத் தொட்ட ஒரே விரலுக்காக
நடையை நிறுத்தித் திரும்பியவரே,
அன்று உமக்கும் நெரிசல்தான்.
எத்தனை தோள் இடித்திருக்கும்.
எத்தனை பேரை நீர் திரும்பிப் பார்க்கவில்லை
என்று யாரும் எழுதிவைக்கவில்லை.
எனக்கு அந்தக் கணக்குத்தான் தெரியவேண்டும்.

மூன்று மணிக்குத் தகவல் வந்தது.
எஞ்சின் நின்று, காற்றில் எல்லை தாண்டி,
அடுத்த நாட்டுத் துறையில் பிடித்து வைத்திருக்கிறார்கள்.
உயிரோடு. இருவரும்.
எப்போது விடுவார்கள்? அதிகாரி தோளைக் குலுக்கினார்.
ரூபன் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.
நானும் உட்கார்ந்தேன். பேசவில்லை.
வெயில் எங்கள் இருவர் மேலும் சமமாக விழுந்தது.

போனைத் திருப்பித் தந்தார்கள்: இருநூற்றுப் பன்னிரண்டு.
மேலே தள்ளிக்கொண்டே போனேன்.
மதுரையில் இன்னும் ரத்தம் கேட்கிறார்கள்.
என் வகை அதுவல்ல.
கூப்பிட்டேன்.
"ஹலோ" என்றது தூக்கமில்லாத ஒரு குரல், "யாரு?"
அதற்கு என்ன பதில் சொல்வதென்று
யோசித்து வைத்திருக்கவில்லை.

மற்ற இருநூற்றுப் பதினொன்றை
அப்படியே விட்டேன்.
நாலு கட்டி குளிரறையில் தனியாக இருக்கிறது,
மேலே சாக்குப் போட்டிருக்கிறேன்.