எழுபத்து மூன்றாவது மைல்

நெடுஞ்சாலைத் துறைக்குக் குறிப்பெடுப்பவள் நான்.
கூட்டத்துக்குத் தொண்ணூறு டாலர், பெட்ரோல் தனி.
இன்று வடக்கு டகோட்டாவில் ஒரு பள்ளிக்கூடம்.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
வரைபடத்தைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள்.
தரை மெழுகு கெட்டுவிடும்,
பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் வரவேண்டும்
என்று சொல்லிவிட்டார் காவலாளி.
ஆகவே இந்த மாவட்டத்தின் தலைவிதி
காலுறைகளோடு உட்கார்ந்திருக்கிறது.
ஒன்றில் மட்டும் ஓட்டை.
அது பொறியாளர் வசிலெவ்ஸ்கியுடையது.

வாசலில் ஆளுக்கு ஐந்து பச்சைப் பொட்டுகள் கொடுத்தேன்.
ஒரு பொட்டு ஒரு மில்லியன் டாலர்.
எங்கே செலவழிக்கலாமோ அங்கே ஒட்டுங்கள்.
"நிஜப் பணமா?" என்றார்
சர்க்கரை பீட்ரூட் பயிரிடும் ஆர்லன் க்விஸ்ட்.
"அடையாளத்துக்கு."
"அதானே பார்த்தேன்."

தேவை நூற்று நாற்பது மில்லியன்.
கையிருப்பு பதினொன்று.
பொறியாளர் இதைச் சொன்னபோது
யாரும் சிரிக்கவில்லை, யாரும் திகைக்கவும் இல்லை.
மழை கணக்கைக் கேட்டுப் பழகிய காதுகள்.

பிறகு மைக்.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
மேசையில் ஒரு விளக்கு: பச்சை, மஞ்சள், சிவப்பு.
அறுவடை இயந்திரம் ஒதுங்கச் சாலையோரம் அகலம் வேண்டும் என்றார் ஒருவர்.
எண்ணெய் லாரிகளைத் தாண்டிப்போக
இன்னொரு தடம் வேண்டும் என்றார் ரூபென் ஒச்சோவா,
எண்ணெய் லாரி ஓட்டுபவர்.
வரியை ஏற்றாதீர்கள், சாலை இப்படியே இருக்கட்டும்
என்றொரு கிழவர்
தன் ஐந்து மில்லியனையும்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

எட்டரை மணிக்குள்
வரைபடத்துக்கு அம்மை போட்டுவிட்டது.

முப்பத்தொன்றாவதாக மார்லிஸ் டாஃப்ட்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்.
ஐந்து பொட்டையும் ஒரே இடத்தில்
ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியவள் அவள்தான்.
பொறியாளர் நயமாகத்தான் சொன்னார்:
ஒரு சாவுக்கு இத்தனை மதிப்பெண்,
ஒரு கால்முறிவுக்கு இத்தனை,
நிதி அந்த வரிசைப்படிதான் வரும்.
எழுபத்து மூன்றாவது மைல் வளைவில்
எதுவுமே நடந்ததில்லை. பூஜ்யம்.

"நடக்கவில்லைதான்," என்றாள்.
"ஏன் நடக்கவில்லை என்று யாராவது கேட்டீர்களா?
காலை ஏழு இருபதுக்கு
அந்த வளைவில் சூரியன் நேரே கண்ணுக்குள் இறங்கும்.
நான் வேகத்தை இருபதுக்குக் குறைத்துவிடுவேன்.
பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்கும், ஏசும்,
ஏசிக்கொண்டே அவையும் இருபதில்தான் வந்தாகவேண்டும்.
இருபத்தாறு வருஷம்.
உங்கள் அட்டவணையில் ஒரு பூஜ்யம் இருக்கிறதே,
அது என் வலது கால்."

விளக்கு மஞ்சளுக்கு மாறியது.

"மே மாதத்தோடு வேலையை விடுகிறேன்.
என் இடத்துக்கு இதுவரை
ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை."

மீதி நேரத்தை அவள் பயன்படுத்தவில்லை.
சிவப்பு தானாக வந்து
தானாக அணைந்தது.

என் திரையில் ஒரு கட்டம்.
ஒரு வரியில் சுருக்குக, மேற்கோள் கூடாது.
'வளைவு குறித்துக் கவலை தெரிவித்தார்' என்று அடித்தேன்.
அழித்தேன்.
'அது என் வலது கால்' என்று அடித்தேன்.
தலைமை அலுவலகத்தில் இதை
நிச்சயம் பிழை என்றுதான் நினைப்பார்கள்.

கூட்டம் முடிந்து
நடைக்கூடத்து இருட்டில் எல்லோரும்
தங்கள் பூட்ஸைத் தேடினார்கள்.
வசிலெவ்ஸ்கி மட்டும் வரைபடத்தின் முன் மண்டியிட்டு
ஒட்டிக்கிடந்த பொட்டுகளை
நகத்தால் பிரித்து எண்ணிக்கொண்டிருந்தார்.
நான்கு வந்தன.
ஐந்தாவது, தாளையும் கிழித்துக்கொண்டு வந்தது.

திரும்பும் வழியில் எழுபத்து மூன்று.
இரவு பத்தரை. சூரியன் இல்லை, குழந்தைகள் இல்லை,
வேகம் குறைக்க ஒரு காரணமும் இல்லை.
கால் தானாக எழுந்தது.
பின்னாலிருந்து ஒரு லாரி
என் கண்ணாடி முழுக்க வெளிச்சத்தைக் கொட்டி
நீளமாக ஹாரன் அடித்தது.