செக்கிங் நாள்

இரவு இரண்டே கால்.
கப்பலூர் டோல்கேட்டில் லாரிகள் இரைகிற இரைச்சலுக்குள்
ஒரு பைக் மட்டும் தனியாக அணைந்தது,
எங்கள் வரிசைக்கு முன்னால்.

சீருடை இல்லை. இரண்டு பேர்.
ஒருத்தர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.
அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.
"அமலதாஸ் யாரு? சும்மா ஒரு விசாரணை.
காலையில டீ குடிக்க வந்துருவாரு."

பத்துக்குப் பத்து வீடு, நாலு எட்டு வைத்தால் சுவர்.
அவர் விரலிடுக்கில் இன்னும் திண்டுக்கல் வீட்டுப் பச்சை பெயின்ட்,
டர்பன்டைன் போட்டும் போகாதது.

"கதைக்கவேணும்" என்று வந்த நாக்கை மடித்து
"பேசணும் சார்" என்றேன்
மதுரைக்காரி மாதிரி.
(மதுரைக்காரிதான். பெரியாஸ்பத்திரியில் பிறந்தவள்.
சர்டிபிகேட்டில் ஊர் மதுரை, நாடு வேறு.)

மெகருன்னிசா வக்கீல் போன மாசம்
தண்ணி டேங்க் அடியில் உட்காரவைத்துச் சொன்னது எதுவும்
வரிசையாய் ஞாபகம் வரவில்லை.
எந்த ஸ்டேஷன். உங்க பேரு என்ன.
வெத்துப் பேப்பரில் கையெழுத்து கூடாது.
இருபத்திநாலு மணி நேரம்.
என்ன கேஸ் என்பதை மறந்தே போனேன்.

அன்றைக்குக் கேட்டிருந்தேன்,
"இதெல்லாம் இந்தியாக்காரருக்குத்தானே அக்கா?"
புத்தகத்தைத் திருப்பி விரலை வைத்துக் காட்டினார்.
குடிமகன் என்று அந்த வரியில் இல்லை.
நபர் என்று இருந்தது.

நபர்.
முப்பத்திமூன்று வருசத்தில்
அகதி, சிலோன்காரி, முகாம் பொண்ணு,
கதவு நம்பர் அறுபத்தேழு.
இப்படி ஒருத்தரும் என்னைக் கூப்பிட்டதில்லை.

"எந்த ஸ்டேஷன் சார்?"
குரல் கீச்சென்று வந்தது.
அவர் பதில் சொல்லாமல் செருப்பை மாட்டினார்.
பைக் நம்பரைக் கண்மையால் முழங்கையில் எழுதினேன்.
பக்கத்து வீட்டு ஜெசிந்தா லைட்டைப் போட்டாள்.
அணைத்தாள்.
மறுபடி போட்டாள், இந்தமுறை அணைக்கவில்லை.
"திருமங்கலம்" என்றார் அவர்,
யாரிடமும் சொல்லாதவர் மாதிரி.

வக்கீல் ஆறாவது தடவை போனை எடுத்தார்.
"கூட்டிட்டுப் போன நேரத்தைக் குறிச்சு வை," தூக்கத்திலேயே.
மகளின் கணக்கு நோட்டில் குறித்தேன்:
2.31.

எட்டாவது மணியில் ஆர்.ஐ. வந்தார்.
மாதச் செக்கிங். அட்டையோடு வரிசையில் நின்றோம்.
"அமலதாஸ்?"
"ராத்திரி கூட்டிட்டுப் போயிட்டாங்க சார்."
"யாரு?"
"உங்க ஆளுங்க."
"எங்க ஆளு இல்லம்மா, அது வேற டிபார்ட்மென்ட்.
நேர்ல இல்லைன்னா ஆப்சென்ட்தான்."
ஒரு கை பிடித்துவைத்திருக்கும் ஆளை
இன்னொரு கை காணவில்லை என்று எழுதியது,
நீல மையில், நல்ல கையெழுத்தில்.

பதினான்காவது மணியில் மெகருன்னிசா
ஒத்தக்கடையிலிருந்து இரண்டு பஸ் மாறி
திருமங்கலம் ஸ்டேஷன் வாசலில் நின்றார்.
"கைதே பண்ணலையே மேடம்" என்றார்களாம்.
"அப்ப அவர் எழுந்து என்கூட வரலாம்தானே?"
கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டதாம்.

வந்துவிட்டார். டீ குடிக்கிற நேரம்தான்,
ஆனால் சாயங்கால டீ.
என்ன கேட்டார்கள் என்று சொல்லவில்லை.
இடது காதைப் பொத்திக்கொண்டே சாப்பிட்டார்.

போன வருசம் கூட்டிப்போன நிரோஜனின் அம்மா
குழாயடியில் சட்டி கழுவியபடி எங்களைப் பார்த்தாள்.
சந்தோசமாகத்தான் பார்த்தாள்.
அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆப்சென்ட்டை மாற்ற இன்னொரு மனு எழுதவேண்டும்.
பேனாவைத் தேடுகிறேன்.
நாளைக்கு டெஸ்ட், மகள் நோட்டைப் புரட்டுகிறாள்.
"விடை மட்டும் இருக்கும்மா," என்கிறாள்,
"கணக்கு எங்க?"