கிளாவரைக்குக் கடைசி வண்டி

மூன்று முறை ஈசிஜி எடுத்தாயிற்று.
காகிதத்தில் ஒரே உயரத்தில் குட்டி மலைகள்.
"இதயம் நல்லா இருக்கு வேலப்பன்" என்றார் டாக்டர்.
அப்படியானால் மன்னவனூர் இறக்கத்தில்
என் சட்டைப் பைக்குப் பின்னால்
சாகிறேன் சாகிறேன் என்று அடித்துக்கொள்வது
யாருடையது?
கேட்கவில்லை.
வாசலில் இன்னும் நாற்பது பேர்.
வரிசையின் அவசரம் கண்டக்டருக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமைகளில் வத்தலக்குண்டிலிருந்து வரும்
ஆலோசகர் மெர்லின்
போனை வாங்கி ஒரு செயலியை ஏற்றினாள்.
"சிக்னல் இல்லாட்டியும் பேசும்ணே,
எல்லாத்தையும் இறக்கி வெச்சிட்டேன்."
மூட்டையைச் சொல்வது போல் சொன்னாள்.
அந்தச் சொல்லுக்காகவே
அன்று மாலை அதைத் திறந்தேன்.

பயம் இப்போது எத்தனை,
பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்றது.
எனக்கு ஸ்டேஜ் கணக்குதான் வரும்.
ஏரிச் சாலையில் ஒன்றுமில்லை.
பூம்பாறையில் மூன்று.
மன்னவனூர் பிரிவில் ஏழு.
கவுஞ்சி தாண்டினால்
டிக்கெட் மெஷினில் அந்தக் கட்டணமே கிடையாது.

கண்ணில் படும் ஐந்து பொருட்கள் என்ன என்றது.
பூண்டு மூட்டை.
பூண்டு மூட்டை.
பூண்டு மூட்டை.
மூடியில்லாத மஞ்சள் குடம்.
என் விரல்கள், சில்லறையை விடாமல்.
"யாருகிட்டப்பா முணுமுணுக்குற?"
கண்ணாடியில் பார்த்துக் கேட்டார் டிரைவர் ஆரோக்கியம்.
"டெப்போகிட்ட" என்றேன்.

கார்த்திகை மழை விட்ட ஒரு ராத்திரி.
வைப்பரை நிறுத்தினாலும் ஓட்டினாலும்
கண்ணாடியில் ஒரே வெள்ளை.
வளைவில் குறுக்கே நின்றது காட்டுமாடு,
அரை வண்டி அகலம்.
ஆரோக்கியம் விளக்கைத் தணித்து
இன்ஜினை அணைத்தார்.
எனக்குப் பாதம் முதலில் போனது, பிறகு முழங்கால்.
காது மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது.
இது மாட்டைக் கண்ட பயமில்லை.
மாட்டுக்குப் பயப்பட எனக்குத் தெரியும்.
அது வருவதற்கு இரண்டு வளைவு முன்பே
இது ஏறிவிட்டது, டிக்கெட் வாங்காமல்.

பொத்தானை அழுத்தினேன்.
ஹெட்செட் முள் கழன்றிருந்தது.

"உங்கள் தோள்களைத் தளர விடுங்கள்"
என்றது அந்தக் குரல்,
வண்டி முழுக்க.

முப்பத்தொரு பேர்.
யாரும் சிரிக்கவில்லை.
"மெதுவாக மூச்சை உள்ளே இழுங்கள். ஒன்று. இரண்டு."
"கவர்மெண்டு புதுசா விட்டிருக்கான் போல"
என்றார் பின்சீட்டில் ஒருவர்,
சொல்லிவிட்டு இழுத்தார்.
மடியில் மூட்டையோடு இருந்த பவுனம்மாவின் தோள்கள்
காது மடலிலிருந்து இறங்கி
அவற்றின் இடத்துக்குப் போயின.
அவ்வளவு உயரத்தில் அவை இருந்ததை
இத்தனை வருடம் நான் பார்த்ததில்லை.
"நான்கு. இப்போது வெளியே விடுங்கள்."
விட்டார்கள்.
ஜன்னல்கள் உள்பக்கமாகப் பனித்தன,
பூண்டு வாசனையோடு.
ஆரோக்கியம் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்திருந்தார்.
ஏன் என்று அவரும் சொல்லவில்லை.

மாடு தனக்குத் தோன்றியபோது போயிற்று.

பூண்டியில் எல்லோரும் இறங்கினார்கள்.
சின்னராசு மட்டும் படியிலிருந்து திரும்பி வந்தான்,
எப்போதும் ரெண்டு ரூபாய் பாக்கி வைப்பவன்.
"அந்தப் பொம்பள கொரலு எம்போனுக்கு வருமாண்ணே?
எங்கண்ணனுக்குத்தான்."
அவனுக்கு அண்ணன் கிடையாது.
"வரும்" என்றேன்.
சிக்னல் இல்லை. ப்ளூடூத்தில் அனுப்பினேன்.
இரண்டு போன்களையும் ஒட்டிப் பிடித்துக்கொண்டு
டார்ச் வெளிச்சத்தில் நின்றோம்.
நாற்பது சதம். நாற்பத்தொன்று.
ஆரோக்கியம் ஹாரன் அடிக்கவில்லை.

கிளாவரையில் வண்டிக்குள்ளேயே படுக்கை.
நீள சீட், இரண்டு கம்பளி.
இன்று எப்படி இருந்தது என்று கேட்டது போன்.
ஏழு என்று அடித்தேன்.
அழித்து ஆறு என்று அடித்தேன்.
சின்னதாய் ஒரு வட்டம் சுற்றியது:
அனுப்பக் காத்திருக்கிறது.
காத்திருக்கட்டும்.
காலை ஆறே காலுக்கு எடுப்போம்.
பூம்பாறை டவர் தெரியும் வளைவில்
அதுவாகவே போய்ச் சேரும்.