மூன்றாவது ரீல்

கொருக்குப்பேட்டை கேட் மூடிவிட்டது.
வண்டியை அணைத்துவிட்டு
எட்டாம் பாகத்தைத் திட்ட ஆரம்பித்தான் சைலஸ்.

புதுக் கேப்டன் டோரனுக்கு இருபத்தாறு வயது.
காதில் தழும்பு இல்லை. அம்மா உயிரோடு இருக்கிறாள்.
அவன் கைதவறி அழித்த கோள்
அழியவே இல்லையாம்,
அங்கே கோதுமை விளைகிறது.

"பழைய கதைக்கே திரும்பணும்டா.
எவன் எப்போ செத்தான், எந்தக் கப்பல்ல செத்தான்,
இருவது வருசம் கணக்கு வச்சிக்கினு கீறேன்.
அத்தினியும் நடக்கலன்னு சொல்ல
இவன் யாரு?"

நியாயம்தான்.
துறைமுக கேட்டில் பெட்டி எண் சரிபார்க்கிறவன்.
ஓர் இலக்கம் தப்பினால்
லாரியை மட்டுமல்ல, தூக்கத்தையும் நிறுத்திவிடுவான்.

கூட்ஸ் வந்தது. மெதுவாக.

எந்தப் பழைய கதை சைலஸ்?

தண்டையார்பேட்டையில்
இப்போது கார் நிறுத்துகிறார்களே, அந்த தியேட்டர்,
முதல் பாகம், மேட்னி.
ஆபரேட்டர் பிச்சாண்டி
நான்காவது ரீலை மூன்றாவதாக ஓட்டினார்.
டோரன் நட்சத்திரத்துக்குள் விழுந்து எரிந்தான்.
அடுத்த காட்சியில்
சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சிரித்தான்.
ஒருவரும் கூச்சல் போடவில்லை.
விண்வெளியில் அப்படித்தான் போல என்று
விசிலடித்தோம்.

அந்த வாரம் முழுக்க அதே பேச்சு.
ஐஸ் ஃபேக்டரி ஹமீதா, அவனுக்கு இரட்டையன் என்றாள்.
நீ, நட்சத்திரத்துக்குள்ளே நேரம்
பின்னால் நடக்கும் என்றாய்.
இயற்பியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில்
அம்புக்குறி போட்டு நிரூபித்தாய்.

பிறகு பர்மா பஜாரில் ஒரு சிடி வாங்கினோம்.
எல்லாம் வரிசையாக இருந்தது.
போலி என்று சண்டை போட்டு
முப்பது ரூபாயைத் திரும்ப வாங்கிவந்தவன் நீ.

அந்தச் சிரிப்பு,
சரியான வரிசையில்
யாரோ சூப்பைக் கொட்டியதற்குச் சிரித்தது.
நம் வரிசையில்
செத்துப் பார்த்துவிட்டு வந்தவன் சிரித்தது.
எனக்கு அந்த டோரன்தான் வேண்டும்.
எந்தக் கம்பெனியிடம் போய்க் கேட்பது?

சைலஸ் பேசவில்லை.
உதடு மட்டும் அசைந்தது:
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது.
வேகன் எண்ணுகிற பழக்கம்.

கடைசிப் பெட்டி போனபிறகு சொன்னான்:
"பிச்சாண்டி தெரியாம மாத்தினாரு.
இவனுங்க தெரிஞ்சே மாத்துறானுங்க.
ரெண்டும் ஒண்ணாடா?"

இல்லை.
ஒன்றில்லை என்றுதான் தோன்றுகிறது.
ஆனால் ஏன் என்று சொல்ல வரவில்லை,
பின்னாலிருந்து ஆட்டோக்கள் அலற ஆரம்பித்துவிட்டன.

தண்டவாளம் தாண்டும்போது,
காற்றில் பாதி போக, கத்தினான்.
வியாழக்கிழமை இரவுக் காட்சிக்கு
இரண்டு டிக்கெட் போட்டிருக்கிறானாம்.
அதே எட்டாம் பாகம்.
எங்கேயாவது தழும்பு இருக்கிறதா என்று
பார்க்கவேண்டுமாம்.