நடுச்சட்டம்

கேனிஸ்டர் ஃபில்டரின் உயரம் நாற்பத்தொரு சென்டிமீட்டர்.
நடுச்சட்டத்துக்கும் அடித்தட்டுக்கும் இடையில்
முப்பத்தைந்து.
ஆறு சென்டிமீட்டருக்காக
மூன்று நாளாக எங்களுக்குள் பேச்சில்லை.

ஸ்டாண்டை அடித்தது சோணைமுத்து.
திண்டுக்கல் ரோட்டுப் பழைய மரக்கடையில்
யார் வீட்டு வாசல்நிலையோ, எடைபோட்டு வாங்கி,
ஆனையூர் மாடி வராண்டாவில்
ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிட்டான்.
ஒரு காலில் இன்னும் மஞ்சளும் குங்குமமும்
வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்கின்றன.
ஆஸ்கார் அன்றைக்குக் கட்டைவிரல் அளவு.
இன்றைக்கு என் உள்ளங்கைக்கு அடங்காது.
தின்பதும் கழிப்பதும்
ஒரு வார்டுக்குச் சமம்.

"நடுவுல உள்ளத அறுத்து எறிஞ்சா முடிஞ்சுச்சு"
என்றான், கையில் ரம்பத்தோடு.

நூற்றெண்பது லிட்டர்.
கண்ணாடியும் கூழாங்கல்லும் சேர்ந்தால்
நாலரை மூட்டை அரிசி.
மூட்டை வைத்த இடத்தில் இருக்கும்,
தண்ணீர் அலம்பும்.
நாலு காலும் ஒரு பக்கமாய்ச் சரிந்துவிடாமல்
அந்தச் சட்டம்தான் இழுத்துப் பிடித்திருக்கிறது.
பெரியாஸ்பத்திரி எலும்பு வார்டில் எனக்குப் பதினோரு வருஷம்.
நேராக நிற்கும் எதையும்
சுலபத்தில் நம்புவதில்லை.

நைட் ட்யூட்டி முடித்து
பன்னிரண்டு எம்எம் ப்ளைவுட் பலகை ஒன்றை
ஷேர் ஆட்டோவில் மடிமேல் நிறுத்தி
கோரிப்பாளையத்திலிருந்து
எதிரில் இருந்தவர் முகம் தெரியாமலே வந்து சேர்ந்தேன்.

தொட்டியைக் காலி செய்தோம்.
கீழ்வீட்டு முருங்கைக்கு அத்தனையும் போனது.
போர்த் தண்ணீரின் உப்பு
கண்ணாடியில் மட்டக்கோடு கிழித்திருந்தது,
இடப்பக்கம் அரை விரல் இறக்கம்.
ரசமட்டம் வைக்கவில்லையா என்று
நான் கேட்கவில்லை.
அவனும் பார்த்தான்.
பெயின்ட் வாளிக்குள் ஆஸ்கார்,
மூடியின் மேல் குக்கர்.

"மொதல்ல பின்பலகை. பெறகுதான் ரம்பம்."
மூன்று நாளில் நான் சொன்ன முதல் வாக்கியம்.
பதிலுக்கு ஒவ்வொரு ஸ்க்ரூவாக எடுத்துக் கொடுத்தான்.
குழாய் நுழையப் பலகையில் இரண்டு வட்டம் வேண்டும்.
எங்கிருந்தோ துளைபோடும் மெஷினை
நேற்றே இரவல் வாங்கி
கட்டிலுக்கடியில் வைத்திருந்திருக்கிறான்.

நடுச்சட்டம் அறுந்து விழுந்தபோது
இரண்டு பேர் கையும் தானாக ஸ்டாண்டுக்குப் போனது.
அசையவில்லை.
அதன் மேல் ஏறி உட்கார்ந்து கால்களைத் தூக்கினான்.
எழுபத்தெட்டு கிலோ.
"நீயும் வா."
நைட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு நானும் ஏறினேன்.
மொத்தம் நூற்றிமுப்பத்தாறு,
தண்ணீருக்கு இன்னும் தொண்ணூறு பாக்கி.
தெருவில் பால் வண்டியை நிறுத்திவிட்டு
ஒருவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.
நாங்கள் இறங்கவில்லை.
இப்படியும் அப்படியும் ஆடிப் பார்த்தோம்.

ப்ளக் பாக்ஸைத் தரையில் போட விடவில்லை.
பக்கக்காலில், உயரத்தில், ஓட்டை பக்கவாட்டைப் பார்க்க.
வயர் நேராக அதற்குள் போகக் கூடாது.
கீழே தொங்கி, வளைந்து, பிறகு மேலேறட்டும்.
எதற்கு என்றான்.
வழிந்து வரும் தண்ணீர்
மேலே ஏறத் தெரியாமல் வளைவிலேயே விழுந்துவிடும் என்றேன்.
வளைவுக்கு நேர் கீழே
ஒரு எவர்சில்வர் தட்டை வைத்தான்.

ராத்திரி இரண்டரை.
டொக்.

சுவிட்சை அணைத்துவிட்டு டார்ச்சோடு குந்தினேன்.
குழாய் மூட்டில் கசிந்து
வயர் வழியே இறங்கி
வளைவின் அடியில் உருண்டு திரண்டு
கொஞ்சம் யோசித்து
தட்டில் விழுந்தது.
வழக்கப்படி கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தேன்.
நிமிடத்துக்கு இரண்டு சொட்டு.
இந்த வேகத்தில் ஒரு பாட்டில் ஏற்றினால்
நோயாளி ஒரு வாரம் எழுந்திருக்க முடியாது.

மூட்டைக் கால் திருகு திருகினேன்.
இன்னொரு நிமிடம்.
இன்னொன்று.

பின்னால் நின்றிருக்கிறான் போல,
"நின்னுருச்சா?" என்றான்.
கண்ணாடியில் வாயை ஒட்டி
ஆஸ்கார்
காலைச் சாப்பாடு என்று நினைத்துக்கொண்டு
டார்ச்சை முறைத்தது.