முப்பது துளைகள்

தனபாக்கியத்தின் வண்டியில் ஆறு வாளி இட்லி மாவு.
வாளிக்கு ஒன்பது கிலோ.
அவள் எடையைக் கேட்டேன், கணக்குக்காகத்தான்.
"உன் லிஃப்டில் பதிமூன்று பேர் என்று எழுதியிருக்கிறதே,
அதில் நான் ஒன்றரை" என்றாள்.

ஹவ்காங் கால்வாய்ப் பாலத்து ஏற்றத்தில்
விடியுமுன் தினமும் நின்றுபோவாள்.
முன்சக்கரத்து மோட்டார் நல்ல மோட்டார்.
ஆனால் பெடல் சுற்றினால்தான் அதற்குக் காது கேட்கும்.
பெடல் சுற்ற வண்டி நகரவேண்டும்,
வண்டி நகர மோட்டார் இழுக்கவேண்டும்.
இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்க
இவள் இறங்கித் தள்ளுவாள்.
மாவு அதுபாட்டுக்குப் புளிக்கும்.

கியர் போட்டுக் கொடு என்றாள்.
பின்னால் இரண்டு சக்கரம், நடுவே ஒரே அச்சு.
கியருக்குக் குடியிருக்க இடம் எங்கே?

ஆ சியோங் கடையில் பன்னிரண்டு வெள்ளிக்கு
மூன்று கியர் ஹப், பழைய சக்கரத்தோடு.
ஆரக்கம்பிகளைக் குறட்டால் வெட்டினேன்.
முதல் கம்பிகள் ஒவ்வொன்றும் ஒரு சுருதியில் தெறித்தன,
கடைசி நாலைந்து சத்தமே போடவில்லை.
ரிம் உருண்டுபோய் ஷூ அலமாரியில் சாய்ந்தது.
கையில் மிஞ்சியது
வட்டத்தைத் தொலைத்த மையம்.

அதை இருக்கைக்குக் கீழே மாட்டினேன்.
பெடலிலிருந்து அதற்கு ஒரு செயின்,
அதிலிருந்து பின்னச்சுக்கு இன்னொன்று.
இனி அது தரையைத் தொடப்போவதில்லை.
பற்களின் கணக்கை ஃபோர் டி சீட்டின் பின்புறம் எழுதினேன்:
முப்பத்தாறுக்குப் பதினெட்டு.
தனபாக்கியம் அதையே எண்ணாக வாங்கினாள்.
ஆறுதல் பரிசுகூட இல்லை.

முதல் இரவு ஒரு வாஷரை மறந்துவிட்டேன்.
காதுபோல் ஒரு பக்கம் மடிந்த சின்ன வாஷர்.
அழுத்தி மிதித்ததும் அச்சே புரண்டு
கியர் கேபிளைத் தன்மேல் சுற்றிக்கொண்டது.
நடுவில் ஒன்று அசையாமல் நின்றால்தான்
மற்றதெல்லாம் சுழலும்.
இருபது வருடமாய் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன்,
எனக்கு இது தெரிந்திருக்கவேண்டும்.

மேடில்லாத ஊரில் ஏற்றத்துக்கு எங்கே போவது?
இரவு ஒரு மணி, பலமாடிக் கார்நிறுத்தம்.
வாளிகளில் தண்ணீர் நிரப்பலாம் என்றேன்.
"தண்ணீர் தளும்பும். மாவு உட்கார்ந்திருக்கும்.
எனக்கு உட்கார்ந்திருக்கும் பாரம்தான் பிரச்சினை."
ஆறும் மாவுதான்.

மூன்றாம் தளத்துக்கும் நான்காம் தளத்துக்கும் நடுவே
வழக்கம்போல் நின்றாள்.
இரண்டு பிரேக்கையும் பிடித்தபடி, கழுத்து நரம்பு புடைக்க.
இறங்கப் போனாள்.
"இறங்காதே. நின்றபடியே மாற்று."
"ஓடும்போதுதானே மாற்றுவார்கள்?"
"இதில் நிற்கும்போதும் மாற்றலாம்."

ஒரு க்ளிக்.
பெடல் அரை வட்டம் போயிற்று,
மோட்டார் விழித்துக்கொண்டு ம்ம் என்றது.
வளைவில் திரும்பினாள். சிவப்பு விளக்கும் மறைந்தது.

அப்புறம் சத்தம் மட்டும்.
நாலு. ஐந்து.
ஆறில் ஒரு நிமிடம் நின்றது, மறுபடி க்ளிக், ஏழு.
மேல்தளத்தை அடைந்துவிட்டாள்.
இறங்கி வரவில்லை.

படியேறிப் போனேன், மூச்சு வாங்க.
திறந்த மேல்தளத்தில் ஒரு கார் இல்லை.
வெள்ளைக் கோடுகளுக்கு மேல்
வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள்,
சமதரையில், ஒன்றாம் கியரில்,
கால் வேகமாகவும் வண்டி மெதுவாகவும்.
ஒரு வாளியின் மூடியை மாவு தூக்கிவிட்டிருந்தது.
"இரண்டில் போடலாமே" என்றேன்.
"உனக்கென்ன அவசரம்?"

விளக்குக் கம்பத்தைக் கடக்கும்போதெல்லாம்
இருக்கைக்குக் கீழே ஹப் மின்னியது.
முப்பத்தாறு துளையில் ஆறுக்கு போல்ட் போட்டிருக்கிறேன்.
மிச்சம் முப்பதிலும்
வெளிச்சம் போய் வந்துகொண்டிருந்தது.