பதினைந்து இறாத்தல்

மேசையில் வரைபடம் சுருளுகிறது.
ஒரு மூலைக்குச் சீனிப் போத்தல், மறு மூலைக்கு ஸ்பானர்,
மூன்றாவதற்கு வதனரூபியின் முழங்கை.
நாலாவது மூலையில் பாலைவனம்;
அது படுக்க மாட்டேன் என்கிறது.

ஐந்து நாள். அறுநூற்று நாற்பது கிலோமீற்றர்.
இடையில் ஒரு பெற்றோல் செட் இல்லை.
மணலில் லீற்றருக்கு நாலு ஓடினால் அதிர்ஷ்டம் என்று
மஸ்கற்றிலிருந்து பிறேம்நாத் சொல்கிறான்.
நூற்றி அறுபது என்று எழுதினேன்.
ரூபி வெட்டி, இருநூறு போட்டாள்.
மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய ஊர்க்காரிக்கு
இந்தக் கணக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

தண்ணீர், ஆளுக்கு நாளுக்கு ஆறு லீற்றர்.
"முகம் கழுவ?"
கழுவுவதில்லையாம்.
"நான் கழுவுவன்."
சரி, ஏழு.

ஞாயிற்றுக்கிழமை மணற்காட்டில் ஒத்திகை.
அவளது அண்ணனின் பழைய பஜிரோ
சவுக்குகளைத் தாண்டியதும் வயிறுவரை இறங்கிவிட்டது.
வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் எழும்பவில்லை,
இருந்த இடத்திலிருந்தே சிரித்தார்கள்.
சில்லுக்கடியில் வைக்கக் கிடுகு தந்தவன் மட்டும் கேட்டான்:
"றோட்டு இருக்கேக்க ஏன் பிள்ளையள் இதுக்குள்ள?"
வாய் நிறைய மணல். பதில் சொல்லவில்லை.

காற்றைத் திறந்துவிட்டோம்.
முப்பத்திரண்டு, இருபத்தைந்து,
பதினைந்து இறாத்தல்.
சப்பாத்துக் கழற்றிய கால்போல
ரயர் அகன்று, மணலைப் பிடித்து, ஏறியது.

நேற்றிரவு பிறேம்நாத்தின் கடைசிக் குறிப்பு:
முன்னால் போனவரின் தடத்தில் போக வேண்டாம்.
அது உடைந்த மணல், இழுக்கும்.
பக்கத்தில் புதிதாகப் போங்கள்.

இருவரும் கனநேரம் பேசவில்லை.

முகமாலையில் ஏழு வருடம்
சிவப்புக் கட்டைக்கும் வெள்ளைக் கட்டைக்கும் நடுவே
நாளுக்கு ஒரு பாய் அகலம் நகர்ந்தவர்கள் நாங்கள்.
முன்னவள் மிதித்த இடத்தில்தான் மிதிப்போம்.
இப்போதும் கலியாண வீட்டுப் புல்லில்கூட
கால் தானாகத் தடம் தேடும்.

ரூபி பென்சிலை எடுத்தாள்.
பிறேம்நாத்தின் நீலக் கோட்டுக்கு
ஒரு விரற்கடை கிழக்கே இன்னொன்று கீறத் தொடங்கி,
நிறுத்தி,
"அங்க வெடி ஒண்டும் இல்லைத்தானே?" என்றாள்.

கேட்டுப் பார்த்தேன்.
அவன் சிரிக்கவில்லை. அவனும் பளைப் பக்கம்தான்.
கொஞ்சம் பொறுத்து, எழுத்தில் அனுப்பினான்:
அந்தப் பாதையில் இல்லை.

அதையும் பட்டியலில் எழுதிக்கொண்டோம்,
கயிற்றுக்குக் கீழே,
கிடுகுக்கு மேலே.